உளவியல் பட்டப் படிப்பு: சேர்வதற்கு முன்பும் சேர்ந்த பிறகும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், நான் ஆலோசகராகப் பணிபுரியும் பள்ளியின் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் உளவியல் பட்டப் படிப்பைப் பற்றி விசாரித்து வருவது இப்போதெல்லாம் வழக்கமாகிவிட்டது. பிறர் மனத்தைப் புரிந்துகொள்ள வேண்டும், துயரப்படுகிறவர்களுக்குத் துணையாக இருக்க வேண்டும் என்ற ஆசையோடு வருகிறார்கள், நல்ல ஆசைதான். ஆனால் முதலாண்டில் தங்கள் கைக்கு வரப்போவது புள்ளியியலும் நரம்பு மண்டலத்தின் படங்களும் ரெக்கார்டு நோட்டும்தான் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருப்பதில்லை. விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தமிழ்வழியில் வணிகவியல் பிரிவு படித்துவிட்டு, சென்னைக்கு வந்து விடுதியில் தங்கி இந்தப் பட்டத்தைப் படித்தவள் என்ற முறையில், அவர்களிடம் துண்டு துண்டாகச் சொல்லிவந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

ஊரில் நான் இந்தப் படிப்பைச் சொன்னபோது சித்தப்பா கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, அப்ப நா இப்ப என்ன நெனைக்கிறேன்னு சொல்லிருவியா?" என்பதுதான். இந்தக் கேள்வியை உளவியல் மாணவர் ஒவ்வொருவரிடமும் ஆயுள் முழுவதும் யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறாரா என்பதை முகத்தையும் பேச்சையும் வைத்துக் கண்டுபிடிக்கும் திறனைப் பற்றிய ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வு, மனிதர்கள் சராசரியாக 54 விழுக்காடுதான் சரியாகச் சொல்கிறார்கள் என்று காட்டியது; காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல், அவ்வளவுதான். ஆகவே யூடியூபில் உடல்மொழி பற்றிய காணொளிகளைப் பார்த்து அந்த ஈர்ப்பில் இந்தப் படிப்புக்கு வருகிறவர் முதல் செமஸ்டரிலேயே ஏமாற்றம் அடைவார். 1879-இல் வில்ஹெல்ம் வுண்ட் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியலுக்கென்று ஆய்வகம் தொடங்கியதிலிருந்தே இது அளந்து பார்க்கும் துறையாகத்தான் வளர்ந்திருக்கிறது. அளப்பதில் சலிப்பில்லாதவருக்கே இது சுவைக்கும் என்பது என் கருத்து.

சேர்க்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தின் வழியாக விண்ணப்பிக்கலாம். மொழிப்பாடங்கள் நீங்கலாக மற்ற நான்கு பாடங்களின் மதிப்பெண்களை 400-க்குக் கூட்டித் தரவரிசைப் பட்டியல் போடுகிறார்கள். பல கல்லூரிகளில் எந்தப் பிரிவு படித்தவரும் உளவியலுக்கு விண்ணப்பிக்க முடியும் என்பது என்னைப் போன்ற வணிகவியல் மாணவர்களுக்குப் பெரிய வசதி. ஆனால் உளவியல் துறை உள்ள அரசு கல்லூரிகள் சிலவே. சென்னை மாநிலக் கல்லூரியும் கோவை அரசு கலைக் கல்லூரியும் அவற்றில் அடங்கும். தனியார் கல்லூரியில் சேர்வதானால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை நாளில் அந்தத் துறைக்கே நேரில் போய், ஆய்வகம் எங்கே இருக்கிறது, அதிலுள்ள கருவிகளை மாணவர்கள் உண்மையில் எடுத்துப் பயன்படுத்துகிறார்களா என்று பாருங்கள். கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்த கருவிகள் எதையும் கற்றுத்தருவதில்லை. வீட்டிலிருந்தபடியே தொலைநிலைக் கல்வியில் படித்துக்கொள்ளலாம் என்ற வழி முன்பு இருந்தது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியல் உள்ளிட்ட நலவாழ்வு சார்ந்த படிப்புகளுக்குத் தொலைநிலை, இணையவழிச் சேர்க்கை கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டதால், யாராவது அப்படி ஒரு சேர்க்கையைப் பற்றி ஆசை காட்டினால் முதலில் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள்.

அடுத்தது, வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பேச வேண்டிய விஷயம். மூன்றாண்டுப் பட்டம் முடித்தவர் உளவியலாளர் ஆகிவிடுவதில்லை. இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்கு நெடுங்காலமாக இருந்துவந்த வழி, முதுநிலைப் பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய இரண்டாண்டு எம்.ஃபில். படிப்பு. இளநிலை மூன்று, முதுநிலை இரண்டு, எம்.ஃபில். இரண்டு என்று கூட்டினால் ஏழாண்டு. "டாக்டருக்குப் படிக்கிறதவிட இது கூடால்ல இருக்கு" என்று அதே சித்தப்பா சொன்னார், கணக்கு சரிதான். எம்.ஃபில். பட்டமே பொதுவாக நிறுத்தப்பட்டுவிட்ட நிலையில், மருத்துவ உளவியலுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கைக்கு இடம் கொடுக்கப்பட்டது. மருத்துவ உளவியலுக்கென்றே தனிப் படிப்புகளை மறுவாழ்வு கவுன்சில் கொண்டுவந்து, வழியே மாறிக்கொண்டிருக்கிறது. ஆகவே சேரும்போது ஒருமுறையும், ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் ஒருமுறையும் அந்தக் கவுன்சிலின் அறிவிப்புகளை நேரடியாகப் படிப்பது நல்லது. சீனியர் அக்கா சொன்னது அவர் சேர்ந்த ஆண்டுக்குத்தான் பொருந்தும்.

இவ்வளவு நீண்ட பாதை எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. என் வகுப்புத் தோழிகளில் ஒருத்தி மனிதவளத் துறைக்குப் போனாள். ஒருத்தி சமூகப்பணியில் முதுநிலை படித்து மருத்துவமனையில் வேலை செய்கிறாள். சிறப்புக் கல்வியில் பி.எட். முடித்தவளும், குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் உளவியலை விருப்பப் பாடமாக எடுத்தவளும் உண்டு. நான் முதுநிலை முடித்துப் பள்ளி ஆலோசகரானேன். முதலாண்டிலேயே இவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் மூன்றாண்டோடு சம்பாதிக்கத் தொடங்கியாக வேண்டிய குடும்பமா, ஐந்தாண்டு வரை தாங்குமா என்பதை மட்டும் சேரும்போதே பேசிக்கொள்ள வேண்டும். அந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டவர்களுக்கு மூன்றாம் ஆண்டில் தேர்வைவிட வீடுதான் பெரிய பாரமாக இருந்தது. மூன்று மாதச் சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்தால் உளவியலாளர் என்று பலகை மாட்டிக்கொள்ளலாம் என்று கல்லூரி வாசலில் துண்டறிக்கை கொடுத்த ஓர் ஆலோசனை மையமும் இருந்தது. என் அறைத்தோழி விடுதிக்குக் கட்ட வைத்திருந்த பணத்தை அங்கே கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெற முடியாமல் தவித்தாள்.

இனி வகுப்பறைக்கு வருவோம். முதல் இரண்டு ஆண்டுகளில் தமிழும் ஆங்கிலமும் மொழிப்பாடங்களாகத் தொடர்வதால் உளவியலுக்கு நேரம் குறைவாகவே கிடைப்பதுபோல் தோன்றும். பொது உளவியல், உயிரியல் உளவியல், வளர்ச்சி உளவியல், புள்ளியியல் என்று வரிசையாக வரும். பலரை அரியர் வைக்கவைப்பது புள்ளியியல்தான். வணிகவியல் பிரிவில் சராசரி, இடைநிலை போன்றவற்றைக் கேள்விப்பட்டிருந்த எனக்கு, எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் வரை தடையில்லை. ஆனால் இயல்நிலைப் பரவலின் மணி வடிவ வளைகோட்டில் சராசரிக்கு இருபுறமும் ஒரு திட்ட விலக்கத்துக்குள் மதிப்புகளில் சுமார் 68 விழுக்காடும், இரண்டுக்குள் சுமார் 95 விழுக்காடும் அடங்கும் என்று ஆசிரியர் எழுதிப்போட்டபோது, அது எதற்கு உதவும் என்று தெரியாமல் மனப்பாடம் செய்தவர்களே அதிகம். அது விளங்கிய இடம் ஆய்வகம்.

கண்ணாடி வரைவு என்றொரு சோதனை உண்டு. மேசைமேல் விண்மீன் வடிவம் பொறித்த தகடு இருக்கும். அதன் மேலே ஒரு தடுப்பு இருப்பதால் கையை நேராகப் பார்க்க முடியாது, எதிரே நிற்கும் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து இரு கோடுகளுக்கு நடுவே எழுத்தாணியை நகர்த்த வேண்டும். மேலே போக நினைத்தால் கை கீழே போகும்; முனையில் திரும்பும் இடத்தில் கை அப்படியே உறைந்து நின்றுவிடும். எழுத்தாணி கோட்டைத் தொடும்போதெல்லாம் பிழை ஏறும். பக்கத்தில் தோழி ஸ்டாப்வாட்சோடு நின்று நேரத்தைக் குறிப்பாள். வழக்கமாக எழுதும் கையால் பலமுறை பழகிய பிறகு மற்றக் கையால் வரையச் சொன்னால், பழகவே பழகாத அந்தக் கையும் தொடக்கத்தைவிடக் குறைந்த பிழைகளோடு வரைகிறது. ஒரு கை கற்றது மறு கைக்கு எப்படிப் போனது என்ற கேள்வியோடு வகுப்பு முழுவதும் அன்று மதிய உணவுக்குத் தாமதமாகப் போனது நினைவிருக்கிறது. பிறகு வகுப்பில் உள்ள அனைவருடைய பிழை எண்ணிக்கையையும் பட்டியலிட்டு, சராசரியும் திட்ட விலக்கமும் கையால் கணக்கிட்டபோதுதான், நான் வகுப்பின் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறேன், அந்த விலகல் அசாதாரணமா என்று சொல்வதற்கே அந்த வளைகோடு இருக்கிறது என்பது புரிந்தது. புள்ளியியல் வராது என்று பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பாடநூலில் உள்ள எண்களைவிட உங்கள் ரெக்கார்டு நோட்டில் உள்ள எண்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பழகுங்கள்.

ரெக்கார்டு நோட்டை வாரந்தோறும் எழுதி முடித்துவிட வேண்டும். நோக்கம், கருதுகோள், கருவிகள், செய்முறை, சோதனைக்கு உட்பட்டவர் அப்போது தன் மனத்தில் ஓடியதைச் சொல்லும் அகநோக்கு அறிக்கை, தனியாள் முடிவு, குழு முடிவு, கலந்துரை என்று ஒவ்வொரு சோதனைக்கும் பக்கங்கள் நீளும். செமஸ்டர் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து எழுதலாம் என்று விட்டவர்கள், அகநோக்கு அறிக்கையைக் கற்பனையாக எழுதினார்கள். செய்முறைத் தேர்வுக்கு வரும் புறத்தேர்வர் வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் தொடும் முதல் இடம் பெரும்பாலும் அதுதான். சோதனை முடிந்த அன்றே, சோதனைக்கு உட்பட்ட தோழி சொன்ன சொற்களிலேயே, இரண்டு வரி குறித்துக்கொண்டால் போதும்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலம் ஒரு சுமைதான். அதை மறைப்பதில் பயனில்லை. எனக்கு உதவியது, ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் என் வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ ஓர் எடுத்துக்காட்டைத் தமிழில் எழுதிவைத்த தனி நோட்டு. எதிர்மறை வலுவூட்டலையும் தண்டனையையும் ஒன்றென்று எழுதி மதிப்பெண் இழக்காத வகுப்பே இருக்காது. தலைவலி வந்தால் அம்மா மாத்திரை போடுகிறார், வலி நீங்குகிறது, அடுத்த முறையும் மாத்திரையைத் தேடுகிறார். வேதனை தரும் ஒன்று விலகுவதால் நடத்தை பெருகுகிறது, இது எதிர்மறை வலுவூட்டல். ஒரு நடத்தையைக் குறைக்கச் செய்வது எதுவோ அது தண்டனை. இப்படி எழுதிவைத்த பிறகு ஆங்கில வரையறையை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே வரவில்லை. தேர்வில் எளிய ஆங்கிலத்தில் எடுத்துக்காட்டோடு எழுதினால் மதிப்பெண் கிடைத்தது. உள் மதிப்பீட்டுக்கு 25, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75 என்ற முறையில், ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர் அந்த 25-ஐ ஒருபோதும் அலட்சியம் செய்யக்கூடாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு போனால் மூன்று மணி நேரத் தேர்வின் அச்சம் பாதியாகிவிடும்.

படிக்கும் முறையைப் பற்றிய ஆராய்ச்சியை நம் பாடத்திலேயே சொல்லித்தருகிறார்கள். அதை நம் படிப்புக்குப் பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு. பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு வேகமாக மறந்துபோகின்றன என்று அளந்து 1885-இல் ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் வெளியிட்டார். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, படித்ததை ஒருமுறை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். விடுதியில் விடிய விடியக் கோடு போட்டுப் படித்தவர்களைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு அந்த ஐந்து நிமிடம்தான் நினைவுக்கு வரும். நான் செய்தது எளிய காரியம்: இரவு உணவுக்குப் பிறகு அன்றைய வகுப்பை ஒரு தாளில் பார்க்காமல் எழுதுவது, விட்டுப்போனதை மட்டும் நோட்டைத் திறந்து பார்ப்பது, ஞாயிறன்று அந்த வாரத்துத் தலைப்புகளை மீண்டும் அதேபோல் எழுதிப் பார்ப்பது.

கால அட்டவணை போடுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. காலையில் குளியலறைக்கு வரிசையில் நிற்கும் விடுதியில் அரைமணிக்கு அரைமணி திட்டம் போட்டால் முதல் நாளே உடைந்துவிடும். மாறாத சிலவற்றை மட்டும் நட்டுவைத்துவிட்டு மற்றதை அதன் போக்கில் விடலாம். எனக்கு அந்த இரவுத் தாளும் சனிக்கிழமை நூலகமும் அப்படி இருந்தன. சேப்பாக்கத்தில் பறக்கும் ரயில் ஏறினால் கோட்டூர்புரத்தில் இறங்கலாம். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிப்பதற்கென்றே தனிப் பகுதி உண்டு. வாங்க முடியாத விலையுள்ள பாடநூல்களை அங்கேயே புரட்டிக் குறிப்பெடுக்கலாம் என்பதால் முதலாண்டில் புத்தகச் செலவு பெரிதும் மிச்சமாயிற்று. பணத்தைப் பொறுத்தவரை, அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. நான் படித்தபோது இது இல்லை. சேர்ந்த முதல் மாதத்திலேயே கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊருக்குப் போகிற பிள்ளைகளுக்கு இது பொங்கல், தீபாவளி சமயத்தில்தான் இடிக்கும். விடுமுறைக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாள் சேர்த்துக்கொண்டே போனால் கடைசியில், வருகைக் குறைவை மன்னிக்கக் கேட்டுக் கட்டும் கண்டொனேஷன் கட்டணத்தோடு அலுவலக வாசலில் நிற்க நேரும்.

மனநோய்களைப் பற்றிய தாள் வரும் செமஸ்டரைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த செமஸ்டரில் விடுதியில் எல்லோருக்கும் ஏதாவது ஒரு கோளாறு இருப்பதாகத் தோன்றும். கதவைப் பூட்டினோமா என்று இருமுறை பார்த்தவளுக்கு ஒரு பெயர், மாலையில் தனியாக உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு பெயர். மருத்துவ மாணவர்களிடமும் காணப்படும் பழைய வழக்கம் இது. எங்களைக் கட்டுக்குள் கொண்டுவந்தவர் அந்தத் தாளை நடத்திய பேராசிரியர். பெரும் மனச்சோர்வு என்று சொல்ல வேண்டுமானால், மனநோய்களை வகைப்படுத்தும் டி.எஸ்.எம். என்ற கைநூலில் உள்ள ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரம் தொடர்ந்து, அன்றாட வாழ்க்கை பாதிக்கப்படும் அளவுக்கு இருக்க வேண்டும். அதையும் பயிற்சி பெற்றவர் நேரில் பேசிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பதை ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் எங்களையே சொல்லவைப்பார். தோழியின் மேல் பெயர் ஒட்டுவது அவளுக்குச் செய்யும் உதவி ஆகாது. அவள் உண்மையிலேயே உறக்கமின்றி, சாப்பாடின்றித் தவித்தால், இரண்டாமாண்டு உளவியல் மாணவி செய்ய வேண்டியது அவளோடு சேர்ந்து மருத்துவரிடம் போவதுதான். இப்போது 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை விடுதி அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கலாம். நமக்கே அப்படித் தோன்றினாலும் வழி அதேதான். உளவியல் படிப்பதால் நமக்கு விதிவிலக்கு எதுவும் கிடைத்துவிடுவதில்லை.

கோடை விடுமுறையில் பயிற்சிக்குப் போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப், தற்கொலைத் தடுப்புக்கான சிநேகா, வீடற்ற மனநோயாளிகளுக்கான பேன்யன் எனப் பெயர்பெற்ற அமைப்புகள் சென்னையில் இருப்பதால் எல்லோரும் அவற்றையே குறிவைப்பார்கள், கிடைத்தால் நல்லது. எனக்குக் கிடைத்தது ஒரு சிறப்புப் பள்ளி. அங்கே உளவியலாளர் செகன் படிவப் பலகையை ஒரு சிறுவனுக்குக் கொடுத்தபோது ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். பத்து மரத்துண்டுகளை அவற்றின் பள்ளங்களில் பொருத்த வேண்டும். மூன்று முறை செய்யவைத்து, மூன்றில் குறைந்த நேரத்தைக் கணக்கில் எடுப்பார்கள். அந்தச் சிறுவன் விண்மீன் வடிவத்தைச் சிலுவை வடிவத்தின் பள்ளத்தில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தான். எனக்குக் கை பரபரத்தது. அவர் அசையவில்லை, முகத்திலும் எதையும் காட்டவில்லை. சோதனை முடிந்ததும் அவனோடு தரையில் உட்கார்ந்து பந்து உருட்டி விளையாடினார். அறிவுறுத்தலை எழுத்து மாறாமல் சொல்லுதல், இடையில் உதவாதிருத்தல் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததெல்லாம் எவ்வளவு கடினமான பயிற்சி என்பது அந்த அரைமணியில் தெரிந்தது. அங்கே சேர்வதற்குத் துறைத் தலைவரின் கடிதமும் பள்ளியின் ஒப்புதலும் வேண்டியிருந்தன. கடிதத்துக்கு ஜனவரியிலேயே அலையத் தொடங்கினால்தான் மே மாதத்துக்குக் கையில் கிடைக்கும்.

மூன்றாமாண்டில் முதுநிலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் நுழைவுத்தேர்வு அறிவிப்பு ஐந்தாம் செமஸ்டர் முடியும் சமயத்திலேயே வரக்கூடும் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். இங்குள்ள கல்லூரிகளின் விண்ணப்பத்துக்காகக் காத்திருந்தால் அது கடந்துபோயிருக்கும். எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களையும் கிடைத்த அன்றே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு பல்கலைக்கழகத்தில் சேர்வதானால் மைக்ரேஷன் சான்றிதழ் கேட்பார்கள். இறுதி முடிவு வந்ததும், விடுதியைக் காலி செய்து ஊருக்குப் போவதற்கு முன்பே அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு சான்றிதழுக்காக மட்டும் இரவுப் பேருந்து பிடித்துச் சென்னைக்கு வந்துபோக ஆகும் செலவு, அந்தச் சான்றிதழுக்கான கட்டணத்தைவிட அதிகம்.